ஒரு மைக்ரோலிட்டரை எதைக் கொண்டு எடுப்பது? சிறிய லேபுக்கு ஏற்ற பிப்பெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புதிதாக லேப் தொடங்குகிறவர்களும், கல்லூரியில் பயோடெக் துறைக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி பிப்பெட் நல்லது?" என்றுதான். பிப்பெட் என்பது சிறிய அளவுத் திரவத்தை அளந்து எடுத்து ஊற்றும் கருவி. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது மூன்று. என்ன திரவத்தை எடுக்கப் போகிறீர்கள்: தண்ணீரைப் போல ஓடும் பஃபரா (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), கிளிசராலில் வைத்த என்சைமா, மெத்தனாலா, குளோரோஃபார்மா? எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்? அந்த அளவில் எவ்வளவு பிசகினால் உங்கள் ரிசல்ட் மாறும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் கம்பெனிப் பெயர் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடும்.

மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர். 1 மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 மில்லிகிராம். அது உருண்டையாக நின்றால் குறுக்களவு ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட வராது. டிப்பின் (பிப்பெட்டில் மாட்டி, பயன்படுத்தியபின் எறியும் பிளாஸ்டிக் முனையின்) வெளிச்சுவரில் கவனிக்காமல் விட்ட ஈரம் அந்த அளவில் பெரும்பங்காகிவிடும். சிறிய அளவுகளில் வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்: அளக்கவேண்டிய பொருளும், ஒட்டிக்கொள்ளும் பொருளும், ஆவியாகிப் போகும் பொருளும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருக்கின்றன.

காற்று நடுவில் நிற்கும் பிப்பெட்

லேபில் எல்லோர் கையிலும் இருப்பது இதுதான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே பிஸ்டன் இறங்கும். விட்டால் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். டிப்பில் திரவம் ஏறும். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் 1957இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எப்பெண்டார்ஃப் கம்பெனி 1961 முதல் இதைப் பெருமளவில் தயாரித்தது. அளவை மாற்றிக்கொள்ளும் வசதி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் கில்சன் கைவண்ணத்தில் வந்தது. அதற்கு முன்பு கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார்கள். கிருமி வளர்ப்பையும் ரத்தத்தையும்கூட அப்படித்தான் எடுத்தார்கள்.

பிஸ்டன் திரவத்தைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு காற்றுப் பத்தி நிற்கிறது. திரவத்தை இழுப்பது அந்தக் காற்று. அதனால் காற்றைப் பாதிக்கிற எதுவும் அளவைப் பாதிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த திரவத்தை அறைச்சூட்டில் இருக்கும் பிப்பெட்டால் எடுத்தால் அளவு கூடுதலாக விழும். சூடான திரவத்தில் குறையும். எடுக்கும் அளவு சிறியதாக இருந்தால் இந்தப் பிசகு விகிதத்தில் பெரிதாகத் தெரியும். வறண்ட அறையில் புது டிப்பில் எடுத்த முதல் துளி குறையும், ஏனென்றால் டிப்புக்குள் ஆவி பரவிக் காற்றுப் பத்தி விரிகிறது. ஒரே டிப்பில் இரண்டு மூன்று முறை திரவத்தை ஏற்றி இறக்கி நனைத்துவிட்டு எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஏசியைப் பகலில் மட்டும் போடுகிற லேபுகளில் காலையிலும் மாலையிலும் ஒரே ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) வேறு வேறாக வந்தால் நான் முதலில் அறையின் வெப்பநிலையைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கடல்மட்டத்திலிருந்து உயரத்துக்குப் போனாலும் இதே கதை. தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் சரிபார்த்த காற்றுப் பிப்பெட்டை அப்படிப்பட்ட ஊருக்குக் கொண்டுபோனால் அது சற்றுக் குறைவாகவே ஊற்றும். மலை லேபுகளில் காலிபிரேஷனை (அளவு சரிபார்த்தலை) அந்த லேபிலேயே செய்யச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி வாங்கும்போது உண்மையில் பணத்தைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். பிஸ்டன் பிப்பெட்டுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8655. அதன் 2002 பதிப்பின்படி முழு அளவு 1000 மைக்ரோலிட்டர் உள்ள பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சராசரிப் பிழை 8 மைக்ரோலிட்டர். 200க்கு 1.6, 100க்கு 0.8, 20க்கு 0.2, 10க்கு 0.12, 2க்கு 0.08. சதவீதமாகப் பார்த்தால் பெரிய பிப்பெட்டுகளில் 0.8 தான், நல்ல எண் போலத் தெரியும். ஆனால் அந்தப் பதிப்பில் இந்தப் பிழை மைக்ரோலிட்டர் கணக்கில் அந்தப் பிப்பெட்டின் எல்லா அளவுகளுக்கும் அப்படியே பொருந்தும். 1000 பிப்பெட்டை 100இல் வைத்து எடுத்தால் 8 மைக்ரோலிட்டர் பிசகினாலும் தரம் அதை ஏற்கும். அது 8 சதவீதம். அதே 100ஐ 100 பிப்பெட்டால் எடுத்தால் 0.8 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்! கம்பெனிகள் தங்கள் கையேட்டில் இதைவிட இறுக்கமான எண்களைத் தருவது உண்டு, ஆனால் போக்கு இதேதான்.

ஆகவே முதல் விதி: நீங்கள் எடுக்கப்போகும் அளவு எந்தப் பிப்பெட்டின் உச்சிக்கு அருகில் வருகிறதோ அதை எடுங்கள். 10, 100, 1000 என்ற மூன்றா, 20, 200, 1000 என்ற மூன்றா என்று கடைக்காரர் கேட்பார். இதற்கு ஊர்ப்பொதுவான பதில் கிடையாது. உங்கள் லேபின் நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கும் முறை) செய்யும் லேபை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெல்லிலும் (தட்டின் சிறு குழியிலும்) 15 மைக்ரோலிட்டர் மாஸ்டர் மிக்ஸ் (வினைக்குத் தேவையான பொருள்களின் கலவை), 5 மைக்ரோலிட்டர் டெம்ப்ளேட் (பெருக்கவேண்டிய டிஎன்ஏ) போடுகிறீர்கள் என்றால், 15ஐ 100 பிப்பெட்டால் எடுக்கும்போது அனுமதிப் பிழை 5.3 சதவீதம், 20 பிப்பெட்டால் எடுத்தால் 1.3. அந்த 5ஐ 20 பிப்பெட்டால் எடுத்தால் 4 சதவீதம். 10 பிப்பெட்டால் எடுத்தால் 2.4. இந்த லேபுக்கு மிக்ஸ் தயாரிக்கும் அறையில் 20, 200, 1000 மூன்றும், டெம்ப்ளேட் சேர்க்கும் அறையில் 10 பிப்பெட்டும் வேண்டும். மூன்றுதான் வாங்க முடியும் என்றால் 20, 200, 1000 என்று போவேன். எலைசா (எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு நிறமாற்றத்தால் அளக்கும் பரிசோதனை) மட்டும் செய்கிற லேபுக்கு இந்தக் கணக்கு வேறாக வரும்.

அரை மைக்ரோலிட்டரை எடுக்காமலேயே இருக்கலாமா?

விலைப்பட்டியலில் இடம்பெறாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நெறிமுறையில் "0.5 மைக்ரோலிட்டர் என்சைம்" என்று இருந்தால் உடனே 2 மைக்ரோலிட்டர் பிப்பெட்டைத் தேடி ஓடவேண்டாம். இருபது ரியாக்‌ஷனுக்கான மிக்ஸைச் சேர்த்துத் தயாரித்தால் அதில் 10 மைக்ரோலிட்டர் என்சைம் போடுவீர்கள். பிழையும் குறையும், எல்லா டியூபிலும் ஒரே அளவும் விழும். ஒற்றை ரியாக்‌ஷன்தான் என்றால், என்சைமை அதற்குரிய பஃபரில் நீர்த்து 5 மைக்ரோலிட்டராக எடுக்கலாம். சாத்தியப்படும் இடத்தில் எல்லாம் 2 மைக்ரோலிட்டருக்குக் கீழே போவதைத் தவிர்க்கும்படி நெறிமுறையையே மாற்றுவதுதான் கருவி வாங்குவதைவிட மலிவு.

அதேநேரம் நீர்த்தல் இலவசமாகக் கிடைப்பதல்ல. பத்து மடங்கு நீர்த்தலை ஆறு கட்டமாகச் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்திலும் 2 சதவீதம் கூடுதலாக விழுந்தால் கடைசியில் ஏறத்தாழ 13 சதவீதம் கூடிவிடும். 5 சதவீதம் என்றால் 34 சதவீதம். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதால் பலமுறை செய்து சராசரி எடுத்தாலும் அது மறையாது. தெரிந்த செறிவுகளை அளந்து ஸ்டாண்டர்டு வரைபடம் போடும் லேபுகள் மிக நல்ல பிப்பெட்டை இந்த வேலைக்கென்று ஒதுக்கிவைப்பது நியாயம்.

பிசிஆரில் எவ்வளவு பிழை தாங்கும் என்று கணக்குப் பார்த்தால் நிறைய பேர் ஆச்சரியப்படுவார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. டெம்ப்ளேட்டில் 10 சதவீதம் பிசகினால் சிடி மதிப்பு (டிஎன்ஏ கண்ணில் படும் அளவை எட்ட ஆகும் சுழற்சிகளின் எண்ணிக்கை) 0.14 மட்டுமே நகரும்; 5 சதவீதம் என்றால் 0.07. டெங்கு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் பரிசோதனையில் இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஆளை வீழ்த்துவது வேறொன்று: தெறிப்பும் கலப்படமும். முந்தைய ரியாக்‌ஷனில் பெருகிய டிஎன்ஏ பிப்பெட்டின் தண்டுக்குள் நுண்துளியாக ஏறி அடுத்த நோயாளியின் டியூபுக்குள் இறங்கினால், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடுவோம். இப்படிப்பட்ட லேபில் பணம் போகவேண்டிய இடம், நுண்துளி மேலே ஏறாமல் தடுக்கும் ஃபில்டர் டிப்பும், மிக்ஸ் தயாரிக்க ஒரு செட், மாதிரி சேர்க்க ஒரு செட், பிசிஆருக்குப் பிந்தைய வேலைக்கு ஒரு செட் என்ற மூன்று தனித்தனி செட்டும். ஒரே ஒரு விலையுயர்ந்த செட்டை மூன்று அறைக்கும் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, நடுத்தர விலையில் மூன்று செட் வாங்குவது நூறு பங்கு பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வைரஸ் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லவேண்டிய இடத்தில் டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர் என்று ஒரு வழி இருக்கிறது. 20 மைக்ரோலிட்டரை ஏறத்தாழ 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, எத்தனை துளியில் ஒளி வந்தது என்று எண்ணுவார்கள். ஸ்டாண்டர்டு வரைபடமே வேண்டாம் என்பதால் நீர்த்தல் வரிசையின் பிழையும் போய்விடுகிறது. பெரிய முதலீடு, ஆய்வு நிறுவனங்களுக்கு ஏற்றது.

கிளிசராலும் குளோரோஃபார்மும்

என்சைம்கள் பெரும்பாலும் 50 சதவீத கிளிசராலில் வருகின்றன. கிளிசரால் டிப்பின் உட்சுவரில் படலமாக ஒட்டும், மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். காற்றுப் பத்தி அதை இழுக்கத் திணறும். வேகமாக விட்டால் டிப்பில் பாதி காற்றாகவே இருக்கும். பிப்பெட்டின் பட்டனை அழுத்தும்போது இரண்டு இடங்களில் நிற்கும்: முதல் நிறுத்தம் அளவுக்கு, இரண்டாவது மிச்சத்தை வெளியேற்ற. காற்றுப் பிப்பெட்டை வைத்தே சமாளிக்க ஒரு முறை உண்டு: எடுக்கும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி எடுத்து, ஊற்றும்போது முதல் நிறுத்தத்தோடு நிறுத்துவது. கூடுதலாக ஏறியது டிப்பிலேயே தங்கிவிடும். ஒட்டிக்கொள்ளும் படலத்தை அந்த மிச்சம் ஈடுகட்டும். லேபில் இதைத் தலைகீழ்ப் பிப்பெட்டிங் என்பார்கள். கெட்டியான திரவத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். மிஞ்சியதை எறிய வேண்டியிருப்பதால் விலையுயர்ந்த என்சைமில் இழப்பு வலிக்கும்.

குளோரோஃபார்ம், அசிட்டோன், மெத்தனால் போன்றவற்றில் தொல்லை வேறு மாதிரி. டிப்பில் ஏறியதும் அவை ஆவியாகிக் காற்றுப் பத்தியை விரித்துத் திரவத்தைக் கீழே தள்ளும். டியூபுக்குக் கொண்டுபோவதற்குள் சொட்டுச் சொட்டாக மேஜையில் விழும். ஆர்என்ஏ பிரிக்கும்போது ஃபீனாலும் குளோரோஃபார்மும் கைமேல் சொட்டினால் அளவைவிடத் தோலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டு வகைத் திரவங்களுக்கும் சரியான கருவி, பிஸ்டன் திரவத்தை நேரடியாகத் தொடும் பிப்பெட். கில்சனின் மைக்ரோமேன் இந்த வகையில் பெயர்பெற்றது. டிப்புக்குப் பதிலாக ஒரு நுண்குழாயும், அதற்குள்ளேயே எறிந்துவிடக்கூடிய பிஸ்டனும் வரும். நடுவில் காற்று இல்லாததால் ஆவியும் உயரமும் கெட்டித்தன்மையும் அதைக் குழப்புவதில்லை. பிஸ்டன் சுவரைத் துடைத்துக்கொண்டே இறங்குவதால் படலமும் தங்காது. குழாயும் பிஸ்டனும் சேர்ந்த செட் சாதாரண டிப்பைவிடக் கணிசமாக விலை அதிகம். ஆகவே எல்லா வேலைக்கும் இதைப் பயன்படுத்தவேண்டியதில்லை. தண்ணீரைப் போன்ற பஃபருக்கு நல்ல காற்றுப் பிப்பெட்டே போதும், இது அங்கே கூடுதல் பலன் தராது. கிளிசராலோ கரைப்பானோ தினமும் தொடும் லேபுக்கு இதில் ஒன்றே ஒன்று வாங்குங்கள் என்று சொல்வேன். நான்காவதாக இன்னொரு விலையுயர்ந்த காற்றுப் பிப்பெட் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை இதற்குத் திருப்பலாம்.

கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்குக் கண்ணாடி மைக்ரோ சிரிஞ்சு பழக்கம். அமெரிக்காவின் ஹாமில்டன் கம்பெனி பெயராலேயே அதைக் கூப்பிடும் வழக்கம் உண்டு. ஊசியின் உள்ளே தங்கும் திரவம் 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சில் ஒரு மைக்ரோலிட்டரை நெருங்கும். அதனால் 1 மைக்ரோலிட்டருக்குக் கீழே செலுத்த, பிஸ்டன் கம்பி ஊசியின் முனை வரை இறங்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரைப்பானுக்கு அருமையான கருவி. ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கழுவியாக வேண்டும் என்பதால் பிசிஆர் பக்கம் கொண்டுவரவே கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினுக்குப் பயன்பட்ட 20 மைக்ரோலிட்டர் சாலி பிப்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குறியீடு சரியாக இருந்தால், வெளியே துடைத்து, உள்ளே உள்ளதைக் கரைசலில் நன்றாக அலசி எடுத்தால் அது இன்றும் கௌரவமான கருவிதான். ஆனால் அதோடு வரும் ரப்பர் குழாயை வாயில் வைக்கும் பழக்கம் எந்த லேபிலும் இருக்கக்கூடாது. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இதற்குத் துளியும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எச்பிஎல்சிக்கு (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் முறை) ஸ்டாண்டர்டு தயாரிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை வித்தியாசமாக இருக்கும். அங்கே அளவில் வரும் 2 சதவீதப் பிழை ரிசல்ட்டில் அப்படியே 2 சதவீதமாக வந்து நிற்கும். பிசிஆரைப் போல மன்னிப்பு கிடையாது. 10 மில்லிலிட்டர் எடுக்க ஏ வகுப்புக் கண்ணாடிப் பிப்பெட்டுக்கு அனுமதிப் பிழை 0.02 மில்லிலிட்டர்தான், அதாவது 0.2 சதவீதம். முடிந்தவரை அந்த அளவிலேயே நீர்த்துங்கள். மைக்ரோலிட்டரில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் எடுத்ததை எடைபோடுங்கள். 100 மைக்ரோலிட்டர் நீர்க்கரைசல் ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கும். நான்கு தசம இலக்கத் தராசு அதை 0.1 மில்லிகிராம் படியில் காட்டும். எந்தப் பிப்பெட்டும் தரமுடியாத துல்லியம் அந்தத் தராசிலேயே இருக்கிறது. பிப்பெட் அங்கே வெறும் கரண்டி வேலைதான் செய்கிறது.

கட்டைவிரல், 96 வெல், ரோபோ

ஹங்கேரியில் டாகாட்சி என்ற ஆய்வாளர் 1951இல் இன்ஃபுளுயென்சா வேலைக்காகக் குழிகள் கடைந்த பிளாஸ்டிக் தட்டைச் செய்தார். 96 வெல் பிளேட்டின் முன்னோடி அது. பிப்பெட்டுக்குப் பதில் அளவெடுத்த சுருள் கம்பி வளையங்களைத் திரவத்தில் தோய்த்து மாற்றினார். பரப்பு இழுவிசை எவ்வளவு பிடித்துவைக்கிறதோ அதுதான் அளவு! இன்று அதே வேலையை, ஒரே அழுத்தலில் 8 அல்லது 12 டிப்பால் ஊற்றும் 8 அல்லது 12 சேனல் பிப்பெட் செய்கிறது. எலைசா செய்யும் லேபுக்கு 30 முதல் 300 மைக்ரோலிட்டர் வரையிலான 8 சேனல் ஒன்று போதும். 12 சேனலில் டிப் சமமாக உட்காருகிறதா என்று பார்ப்பதே தனி வேலை. பல சேனல் பிப்பெட்டுக்கு ஐஎஸ்ஓ அனுமதிக்கும் பிழை ஒற்றைச் சேனலைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே ஸ்டாண்டர்டு வரிசையை ஒற்றைச் சேனலால் தயாரித்துவிட்டு, கழுவவும் நிறம் காட்டும் சப்ஸ்ட்ரேட் கரைசல் ஊற்றவும் பல சேனலைப் பயன்படுத்துவது நல்லது.

எலக்ட்ரானிக் பிப்பெட் துல்லியத்துக்காக வாங்கப்படுகிறது என்று நினைப்போம். அதைவிடப் பெரிய காரணம் விரல்தான். ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் கைப்பிப்பெட் அழுத்தும் லேப் ஊழியர்களுக்குக் கை, தோள் நோவு அதிகம் என்று ஸ்வீடனில் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டின் வேலைநாட்களில் அந்தக் கணக்கு எட்டிவிடும். உங்கள் லேப் டெக்னீஷியன் கட்டைவிரலின் அடிமூட்டைத் தடவிக்கொண்டே வேலை செய்தால் அடுத்த பட்ஜெட்டில் எலக்ட்ரானிக் ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். ஒரே அளவைப் பலமுறை ஊற்றுவதுதான் வேலை என்றால், ஒருமுறை நிரப்பிப் பலமுறை தட்டும் ரிப்பீட்டர் இன்னும் மலிவாக அதே விரலைக் காப்பாற்றும்.

ரோபோ பக்கம் ஓப்பன்ட்ரான்ஸ் போன்ற கம்பெனிகள் சிறிய லேபுகளும் எட்டிப்பார்க்கும் விலைக்கு இயந்திரங்களைக் கொண்டுவந்திருக்கின்றன. தினமும் பல பிளேட் ஓடும் இடத்தில் அது உண்மையான உதவி. வாரத்துக்கு இரண்டு பிளேட் ஓடும் இடத்தில், அதற்கு நிரல் எழுதி, டெக்கை (பிளேட்டும் டிப்பும் வைக்கும் தளத்தை) சரிசெய்து, டிப் சிக்கியதா என்று காவல் நிற்கும் நேரத்தில் கையாலேயே முடித்துவிடலாம். ரோபோவின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் அதே காற்றுப் பிப்பெட்தான். மேலே சொன்ன கிளிசரால், குளிர்ந்த திரவம், ஆவி எல்லாம் அதையும் பாதிக்கும். டிப்பில் குமிழ் ஏறினால் மனிதக் கண்ணைப் போல அது நின்று பார்க்காது.

மருந்துக் கண்டுபிடிப்பில் பயன்படும் ஒலி அலைக் கருவி வேறு உலகம். கிண்ணத்தின் அடியிலிருந்து குவிந்த ஒலி ஒன்றை அனுப்பினால் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து 2.5 நானோலிட்டர் துளி எகிறி, மேலே கவிழ்த்து வைத்த பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும். டிப் கிடையாது, தொடுதல் கிடையாது. லேப்சைட் கம்பெனி கொண்டுவந்த எக்கோ கருவிகள் இதில் முன்னோடி. அஸ்ட்ராஜெனகாவின் காப்புரிமை ஆவணங்களில் இருந்த 14 சேர்மங்களின் தரவை வைத்து 2013இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. ஒரே சேர்மத்தை டிப்பால் நீர்த்து அளந்தபோதும் ஒலியால் ஊற்றி அளந்தபோதும் அதன் வீரியம் 1.5 மடங்கிலிருந்து 276.5 மடங்கு வரை வேறுபட்டதாக அது காட்டியது. ஆசிரியர்களில் ஒருவர் அந்த ஒலிக்கருவி கம்பெனியைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அது எழுப்பும் கேள்வி கனமானது. பிளாஸ்டிக் டிப்பில் ஒட்டிக்கொள்ளும் சேர்மத்தைக் கட்டம் கட்டமாக நீர்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் காணாமல் போகும். எந்த மூலக்கூறு மருந்தாகும் என்ற முடிவே அதனால் மாறலாம். ஒட்டும் தன்மையுள்ள சேர்மங்களோடு வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர்கள் கருவியை வாங்காவிட்டாலும் இதை மனதில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் புது டிப்பு போடுவதும், தாய்க்கரைசலிலிருந்து நேரடியாக நீர்த்துவதும் உங்கள் கையில் இருக்கும் வழிகள்.

வாங்கிய பிறகு வரும் செலவு

பிப்பெட்டின் விலை ஒருமுறைச் செலவு. டிப்பும் காலிபிரேஷனும் ஆண்டுதோறும் வரும். கொட்டேஷன் வாங்கும்போதே மூன்று ஆண்டு டிப் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் டிப் மட்டுமே பொருந்துகிறதா, பொது டிப்பும் இறுக்கமாக உட்காருகிறதா என்று கேட்டு, வாங்குவதற்கு முன்பு டெமோ பிப்பெட்டில் போட்டுப் பாருங்கள். தளர்வாக உட்காரும் டிப் எவ்வளவு நல்ல பிப்பெட்டையும் கெடுத்துவிடும். சோதிப்பது எளிது: திரவத்தை ஏற்றி டிப்பைச் செங்குத்தாகப் பிடித்து 20 விநாடி பாருங்கள். முனையில் துளி திரண்டால் டிப்போ உள்ளே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ ஒழுகுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற காலிபிரேஷன் லேபுக்கு அனுப்பவேண்டும். என்ஏபிஎல் (லேபுகளுக்கான இந்திய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் வாங்க நினைக்கும் மருத்துவ லேபுகளுக்கு அது தவிர்க்க முடியாதது. இடையில் நீங்களே செய்யும் சோதனைதான் உண்மையில் கண்ணைத் திறக்கும். பத்து முறை தண்ணீரை ஊற்றி எடைபோட்டு, சராசரியை எடுத்து, 25 டிகிரி வெப்பத்தில், எடையை அளவாக மாற்றும் எண்ணான 1.0040ஆல் பெருக்குங்கள். 20 மைக்ரோலிட்டருக்குச் சராசரி 19.85 மில்லிகிராம் வந்தால் உண்மை அளவு 19.93 மைக்ரோலிட்டர். 0.07 குறைவு, 0.2க்குள் இருப்பதால் தேறியது. 20 பிப்பெட்டுக்கு ஐந்து தசம இலக்கத் தராசு வேண்டும்; 10க்குக் கீழே மைக்ரோகிராம் தராசு. கையில் நான்கு இலக்கத் தராசு மட்டும் இருந்தால் பத்து ஊற்றலையும் ஒரே சிறிய மூடியுள்ள குப்பியில் சேர்த்து எடைபோடலாம். சராசரி தெரியும், ஊற்றலுக்கு ஊற்றல் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியாது. குப்பியைச் சும்மா வைத்து அதே நேரத்தில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்த்து அதைக் கூட்டிக்கொள்ள மறக்கவேண்டாம்.

ஊற்றலுக்கு ஊற்றல் வரும் மாற்றத்தைக் காண தராசே வேண்டாம், எலைசா ரீடர் போதும். டார்ட்ராசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கரைத்து, பத்து வெல்லில் 200 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோலிட்டர் சாயம் சேர்த்துக் கலக்கி 405 அல்லது 450 நானோமீட்டரில் படியுங்கள். பத்து எண்களும் எவ்வளவு சிதறுகின்றன என்பதுதான் உங்கள் கையும் பிப்பெட்டும் சேர்ந்து செய்யும் பிழை. ஒரே பிப்பெட்டை லேபில் உள்ள ஒவ்வொருவரிடமும் கொடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். டிப்பைத் திரவத்தில் ஆழமாக முக்குகிறவர், சாய்த்துப் பிடிக்கிறவர், பட்டனைச் சட்டென்று விடுகிறவர் யார் என்று எண்களே சொல்லும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் முக்கி, செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக விட்டு, முனையைச் சுவரில் தொட்டு முடிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கல்லூரி பயோடெக் துறைக்குப் பட்ஜெட் கையில் வைத்திருக்கிறவர் இன்று என்னிடம் கேட்டால் நான் எழுதித் தரும் பட்டியல் இது. மாணவர் வேலைக்கு 20, 200, 1000 என்று நடுத்தர விலையில் நான்கு செட். ஆராய்ச்சி வேலைக்கு மாணவர் தொடாத தனி 10 பிப்பெட் ஒன்றும் 100 பிப்பெட் ஒன்றும். என்சைமுக்கும் கரைப்பானுக்கும் பிஸ்டன் தொடும் வகை ஒன்று. எலைசா இருந்தால் 8 சேனல் ஒன்று. பிசிஆர் இருந்தால் ஃபில்டர் டிப்புக்குத் தனித் தலைப்பில் பணம். மிஞ்சும் தொகையில் ஐந்து இலக்கத் தராசு. ரோபோவுக்கு இப்போது வேண்டாம்.